பேலன்ஸிங்குக்கு அனுப்புவதற்கு முன்னால் மோட்டாரின் காலைப் பாருங்கள்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் பராமரிப்பு என் பொறுப்பு. பாய்லரின் புகையை இழுத்து வெளியே தள்ள ஐ.டி. ஃபேன், அதற்கு 55 கிலோவாட் மோட்டார், நடுவில் இரண்டு ஷாஃப்ட்டையும் இணைக்கிற பின்-புஷ் கப்ளிங். பிசான நெல் லாரி லாரியாக வந்து இறங்குகிற மாசியில்தான் இது ஆட ஆரம்பித்தது. ஃபேன் நின்றால் பாய்லர் நிற்கும், பாய்லர் நின்றால் தொட்டியில் ஊறுகிற நெல் வாடை எடுத்துவிடும். மிஷினைவிட முதலாளி அதிகமாக ஆடினார்.

வைப்ரேஷன் அளக்க வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். ரிப்போர்ட் கலர் படங்களோடு தடிமனாக வந்தது. கடைசிப் பக்கத்தில் “பேலன்ஸ், அலைன்மென்ட், பேரிங், ஃபவுண்டேஷன் சரிபார்க்கவும்” என்று போட்டிருந்தார்கள். மிஷினில் வேறு என்னதான் பாக்கி? போனில் கேட்டால், “அன்பேலன்ஸ்தான் சார், ஒன் எக்ஸ்ல பீக் இருக்கு” என்றார். அதாவது சுற்றுகிற சக்கரத்தில் ஒரு பக்கம் எடை கூடுதல், அதனால் ஒரு சுற்றுக்கு ஒரு ஆட்டம் (ஒன் எக்ஸ்) என்கிறார். 1475 ஆர்.பி.எம். என்றால் 24.6 ஹெர்ட்ஸ், அங்கே உச்சம் இருந்தது உண்மைதான். ஆனால் வளைந்த ஷாஃப்ட், கப்ளிங் கோணல், தளர்ந்த போல்ட் எல்லாமே அதே இடத்தில் தலைகாட்டும்.

முதலாளி கேட்கவில்லை. ஃபேனின் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றி, குட்டியானையில் ஏற்றி மதுரைக்குப் பேலன்ஸிங்குக்கு அனுப்பினோம். சான்றிதழ் ஜோராக வந்தது. மாட்டி ஓட்டினால் அதே ஆட்டம். போன காசு போனதுதான்.

அப்புறம் ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினேன். ஆக்சியல் என்ற கட்டம் முழுக்கக் காலி! மனிதர் ஷாஃப்ட்டின் நீளவாக்கில் சென்சாரை வைக்கவே இல்லை. எங்கள் கை மீட்டரை மோட்டாரின் கப்ளிங் பக்கத்து பேரிங்கில் வைத்தேன். கிடைமட்டத்தில் 5.1, ஆக்சியலில் 7.4 மி.மீ./செகண்ட். கெட்டியான அடித்தளத்தில் இருக்கிற இந்த அளவு மோட்டாருக்கு 4.5-ஐத் தாண்டினாலே ஆபத்து என்றது அதிர்வுக்கான சர்வதேசத் தரவிதி ஐ.எஸ்.ஓ. 10816-3 (2022-ல் அதன் இடத்தில் 20816-3 வந்துவிட்டது). எங்களுடையது இரண்டு பக்கமும் பேரிங் உள்ள ஃபேன். அதில் அன்பேலன்ஸ் இவ்வளவு ஆக்சியல் காட்டாது. இம்பெல்லர் வெளியே தொங்குகிற ஃபேன் என்றால் கதை வேறு.

சரி, இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்கிற அலைன்மென்ட்டைப் பார்ப்போம் என்று ஃபிட்டர் அண்ணாச்சி டயல் கேஜை மாட்டினார். போல்ட் தளர்ந்திருக்கும்போது முள் அழகாக நிற்கிறது, முறுக்கியதும் ஓடிவிடுகிறது. மறுபடி சரிசெய்து முறுக்கினால் மறுபடி ஓட்டம். “என்ன தம்பி, மோட்டார் பிடி கொடுக்க மாட்டேங்குல்லா?” என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்குப் பொறி தட்டியது: ஏதோ ஒரு கால் தளத்தில் சரியாக உட்காரவில்லையோ? மெயினை ஆஃப் செய்து ஃபியூஸை எடுத்துவிட்டு, மோட்டாரைத் தளத்தோடு பிடித்திருக்கிற ஒவ்வொரு காலிலும் டயலை வைத்து அந்தந்த போல்ட்டை மட்டும் தளர்த்தினோம். மூன்று கால் அசையவில்லை. கப்ளிங் பக்கம், பாய்லரை ஒட்டின கால், 0.35 மி.மீ. எழும்பியது. 0.05-க்கு மேல் போகக் கூடாது. முறுக்கும்போதெல்லாம் மோட்டார் பாடியே முறுகியிருக்கிறது.

தூக்கிப் பார்த்தால் காலுக்கு அடியில் சாம்பல் நிற பெயிண்ட் கட்டி கட்டியாகக் காய்ந்து கிடந்தது. கூடவே உயரம் சரிசெய்ய வைக்கிற மெல்லிய தகடுகள், அதாவது ஷிம்கள், துருப்பிடித்த தகரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக. சீசனுக்கு முன்னால் ரீவைண்டிங் போய்வந்த மோட்டார் அது; பளபளவென்று இருக்க வேண்டுமென்று அடிக்கால் வரை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். போன் போட்டால், “நாங்க காயில்தானே சுத்துனோம், காலுக்கு நாங்க என்ன செய்ய?” என்று பதில்.

சுரண்டி, ஸ்டெயின்லெஸ் ஷிம் போட்டு, அலைன் செய்து ஓட்டினோம். ஆக்சியல் 1.6.

அளக்க வருகிறவரிடம் மூன்று திசையிலும் ரீடிங் கேளுங்கள். கப்ளிங்குக்கு இரு பக்கமும் ஆக்சியல் ஃபேஸ் (ஒரு சுற்றில் எந்தக் கோணத்தில் ஆட்டம் உச்சத்துக்குப் போகிறது என்பது) கேளுங்கள்; 180 டிகிரி வித்தியாசம் வந்தால் முதல் சந்தேகம் அலைன்மென்ட்டின் மேல். சென்சார் எதிரெதிராகத் திரும்பியிருந்தால் அந்த 180-ஐக் கழிக்கச் சொல்லுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். சுவிட்சை அணைத்ததும் ஆட்டம் பட்டென்று விழுந்தால் கரண்ட் பக்கக் கோளாறு, வேகத்தோடு மெதுவாக இறங்கினால் மெக்கானிக்கல். ரீவைண்டிங்குக்குப் போகும் மோட்டாரின் ஷிம்களைக் கால்வாரியாகக் கவரில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

சர்வீஸ்காரர் பில்லுக்குப் போன் செய்தார். ஆக்சியல் கட்டத்தை நிரப்பிக் கொண்டுவாருங்கள், அன்றைக்கே செக் போடச் சொல்லுகிறேன் என்றேன். இன்னும் வரவில்லை.