பாயிண்ட்

சேலத்துக்கு வேலைக்கு வந்தபோது என்னிடம் இருந்தது வங்கிகளைப் பற்றிய முனைவர் பட்டம். 1969இல் 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கிய பிறகு கிராமத்துக் கடன் எப்படி மாறியது என்பதுதான் ஆய்வு. நூலகத்தை விட்டு வெளியே வராமலே எழுதி முடித்தேன். அப்புறம் பத்து வருடம் அதையே பிய்த்துப் பிய்த்துக் கட்டுரையாக்கினேன். பதவி உயர்வுக்கு அது போதும்.

ஒருநாள் முதுகலை வகுப்பில் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதியதை நடத்திக்கொண்டிருந்தேன். 1970இல் வந்த கட்டுரை, 2001இல் நோபல். பழைய கார் விற்பவனுக்கு வண்டியின் கோளாறு தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அந்தச் சந்தேகத்திலேயே எல்லா வண்டிக்கும் விலை இறங்கிவிடும். ஆத்தூர்ப் பக்கத்து மாணவி எழுந்தாள். “சார், எங்க வீட்ல குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, போடுறோம். விக்கிற எங்கப்பாவுக்குத்தான் சார் சரக்கோட தரம் தெரியாது. மில்லுல சொன்னாத்தான் தெரியும்.”

“அடுத்த வகுப்பில் பார்க்கலாம்” என்றேன். வாத்தியார்களுக்குப் புரியும்.

அந்த சீசனில் அவள் அப்பாவோடு, கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லுக்குப் போனேன். லாரியிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து வெளியே ஒருமுறை, தண்ணீருக்குள் அமுக்கி ஒருமுறை எடை பார்த்தார்கள். மாவு எவ்வளவு கூடுதலோ, தண்ணீரில் அவ்வளவு கனக்கும். அதிலிருந்து வருவதுதான் பாயிண்ட். பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400, 26 என்றால் 7,800. பத்து டன் லாரிக்கு 6,000 ரூபாய் வித்தியாசம். முள் எங்கே நின்றது என்று எட்டிப் பார்ப்பதற்குள் கூடையை எடுத்துவிட்டார்கள். சீட்டில் 26. அவர் அதைப் படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வங்கிகளை அத்தோடு விட்டேன். மில் மில்லாக அலைந்ததில், மில்லுக்காரர்களும் ஒரு காலத்தில் இதே தவிப்பில் இருந்தவர்கள்தான் என்று தெரிந்தது. வியாபாரி சொன்னதுதான் ஜவ்வரிசி விலை. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. கிடங்கு, ஆய்வகம், டெண்டர் என்று அவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. ஜவ்வரிசிக்குப் பொது ஆய்வகம், கிழங்குக்கு மில்லுக்காரர் தராசு! இதை எழுதும்போது கொஞ்சம் கோபமாகவே எழுதினேன், திருத்தும்போது பாதியைக் குறைத்தேன்.

கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: பாயிண்ட் குறைவு என்று தோன்றினால் விவசாயி ஏன் வேறு மில்லுக்குப் போகவில்லை? பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும் என்று எழுதினேன். இருந்தாலும் மாணவியின் அப்பாவுக்கு ஒரு போன் போட்டு, மதிப்பிட்டவர் கேட்டதைச் சொன்னேன்.

சிரித்தார். “லாரி வாடகை அவரு குடுப்பாருங்களா சார்?”

அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன்.