மாமாவின் லாக் புக், மார்ச் மாதம்

மார்ச் 11, 2025, செவ்வாய்

இவருக்குத் தொண்டையில் கதிர்வீச்சு சிகிச்சை, முதல் நாள் முடிந்தது. முகமூடியை மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறார்கள். தலையை இம்மி கூட அசைக்க முடியாது. வெளியே வந்தபோது என் கணவருடைய நெற்றியிலும் கன்னத்திலும் கட்டம் கட்டமாக அச்சு. "கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

மவுண்ட் கேம்பியரிலிருந்து நாத்தனார் அனுப்பிய பெட்டி வந்திருக்கிறது. பிரிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

பிரித்தேன். மேலே அத்தையின் சமையல் குறிப்புகள், அடியில் மாமாவின், அதாவது இவருடைய அப்பாவின், லாக் புக். இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலிய விமானப்படையில் நேவிகேட்டராக, விமானத்துக்கு வழி கண்டு சொல்பவராக, இருந்தபோது எழுதியது.

ஒரு பறப்புக்கு ஒரு வரி. தேதி, நேரம், விமானத்தின் எழுத்து, பைலட் பெயர், தன் வேலை, போன இடம், எத்தனை மணி நேரம். பயிற்சிப் பக்கங்கள் பெரும்பாலும் கருப்பு மை. இரவுப் பறப்பு என்றால் சிவப்பு மையில் எழுதுவது விமானப்படை வழக்கம். 1944 பிப்ரவரியிலிருந்து பக்கம் பக்கமாகச் சிவப்பு.

போருக்குப் போன முதல் வரி: பிப்ரவரி 19, ஜெர்மனியில் லைப்சிக். 823 விமானங்கள் போன இரவு அது, 78 திரும்பவில்லை. ஒரு காரணம் காற்று. வானிலைக்காரர்கள் சொன்னபடி காற்று இல்லாததால் பலர் குறித்த நேரத்துக்கு முன்பே ஊருக்கு மேலே போய்விட்டார்கள். இலக்கைக் குறிக்கும் விளக்குகள் விழும்வரை இருட்டில் வட்டமடித்துக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் கீழேயிருந்து சுடப்பட்டவர்கள் உண்டு, ஒருவர்மேல் ஒருவர் மோதியவர்களும் உண்டு. சீக்கிரம் போனதால் செத்தார்கள்.

டார்வினில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1942 பிப்ரவரி 19. சரியாக இரண்டு வருஷம் கழித்து அதே தேதியில் மாமா லைப்சிக் போயிருக்கிறார். "நம் ஊரில் குண்டு விழும்போது நீங்கள் எல்லாம் இங்கிலாந்தில் என்ன செய்தீர்கள்" என்று திரும்பி வந்த பையன்களிடம் கேட்ட ஆட்கள் இருந்தார்கள். மாமாவிடமும் கேட்டிருக்கிறார்கள், அத்தை சொல்லித் தெரியும்.

மார்ச் 15, சனி

இன்று மருத்துவமனை இல்லை. இவர் மரம் மாதிரி உட்கார்ந்துகொண்டிருந்தார், தோட்டத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு.

மதியம் பயிற்சிப் பக்கங்கள். விக்டர் ஹார்பரில் மவுண்ட் பிரெக்கன் மாளிகை, அங்கே ஆரம்பப் பயிற்சி. எத்தனை தடவை அந்த வழியாகக் கடற்கரைக்குப் போயிருக்கிறோம், ஒரு நாள் கூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை மாமா. எல்லோரையும் போல அவரும் பைலட் ஆகத்தான் ஆசைப்பட்டார். வங்கியில் கணக்கு எழுதிய கை, கணிதத்தில் நல்ல மதிப்பெண், அதனால் நேவிகேட்டர்களைப் பழக்கும் அப்சர்வர் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். மவுண்ட் கேம்பியர். அப்புறம் நட்சத்திரங்களை வைத்து வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள நியூ சவுத் வேல்ஸில் பார்க்ஸ்.

கப்பலில் இங்கிலாந்து. பிரைட்டன். லிச்ஃபீல்டில் வெலிங்டன் விமானங்கள். அங்கே ஒரு கொட்டகைக்குள் எல்லோரையும் விட்டு, உங்கள் குழுவை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்களாம். யாரோடு சாவது என்பதை அரை மணி நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். மாமாவிடம் யார் வந்து கேட்டார்கள், அல்லது மாமா யாரிடம் போய் நின்றார்? கூச்ச சுபாவம் அவருக்கு. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனது அடித்துக்கொள்கிறது.

மார்ச் 17, திங்கள்

எடை குறைந்திருக்கிறது. ஓட்ஸ் கஞ்சி, பால், மறுபடி கஞ்சி.

மார்ச் 20, வியாழன்

காத்திருக்கும் அறையில் வேறு எதுவும் படிக்க முடியவில்லை. மனது அந்தத் திரைச்சீலையிலேயே நிற்கிறது.

லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர். பைலட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை, இடது பக்கச் சுவரைப் பார்த்த இருக்கை. அதைச் சுற்றிக் கருப்புத் திரை. உள்ளே ஒரு விளக்கு எரியும், அந்த வெளிச்சம் வெளியே கசிந்தால் எதிரி பார்த்துவிடுவான். ஆகவே நேவிகேட்டர் ஏறியதும் திரையை இழுத்துவிட்டுக்கொள்வார். ஏழு எட்டு மணி நேரம் அதற்குள்தான். மற்ற ஆறு பேருக்கும் வானம் உண்டு, தீ உண்டு, பக்கத்தில் போன விமானம் வெடிப்பது தெரியும். நேவிகேட்டருக்கு வரைபடம், பென்சில், கடிகாரம், ஹெட்போனில் குரல்கள். "குண்டு போட்டாச்சு" என்று கேட்டால் நேரத்தையும் உயரத்தையும் எழுத வேண்டும். அதன் பிறகு புகைப்படம் விழும்வரை விமானம் நேராகப் போக வேண்டும், அந்த அரை நிமிஷத்திலும் அவர் திரைக்குள்தான். அடுத்து வீட்டுக்குத் திரும்பும் திசையைச் சொல்ல வேண்டும்.

ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை தான் எங்கே இருக்கிறோம் என்று குறிக்க வேண்டும். ஆறு நிமிஷம் ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு, பெருக்க வகுக்கச் சுலபம். ஒன்றைக் குறித்து முடிக்கும்போது அடுத்ததற்கு நேரமாகிவிடும். பயப்படக்கூட இடைவெளி கிடையாது. அல்லது பயத்தை அந்த இடைவெளிக்குள் வைத்துக்கொள்ளப் பழகியிருப்பார்களோ என்னவோ.

எண்பதுகளில் கான்பரா போர் நினைவகத்துக்கு மாமாவோடு போனோம். 'ஜி ஃபார் ஜார்ஜ்' அங்கே நின்றது, 90 தடவை போய் வந்த விமானம். கயிற்றுக்கு வெளியே நின்று மாமா ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வெளியே இருந்து பார்த்தால் ரொம்பப் பெரிசாக இருக்கிறது" என்றார். அன்று எனக்குப் புரியாத வாக்கியம்.

மார்ச் 21, வெள்ளி

பேரன் வீடியோவில் கேட்டான்: "கொள்ளுத்தாத்தா குண்டு போட்டு ஆட்களைக் கொன்றாரா?"

போட்டவர் வேறு ஒருவர், இவர் வழி சொன்னவர் என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அது பதிலில்லை. வழி சொல்லாமல் குண்டு விழாது. பெர்லினில் வீடுகளில் குழந்தைகள் இருந்தார்கள். ஆமாம், என்றேன். அவருக்கு அப்போது இருபத்தொரு வயது என்றும் சொன்னேன். பையன் யோசித்துவிட்டு, "அவருக்குத் தெரியுமா?" என்றான். தெரியும், அதனால்தான் பேசவில்லை என்று நினைக்கிறேன். மகள் பேச்சை மாற்றினாள், இவருடைய தொண்டையைப் பற்றிக் கேட்டாள்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் 55,573 பேர் இறந்தார்கள். அதில் ஆஸ்திரேலிய விமானப்படையினர் 3,486. இந்த நாட்டில் அந்தப் போருக்குப் பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் கூட அங்கே இல்லை; சண்டையில் செத்த ஆஸ்திரேலியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே செத்தவர். இரண்டு பக்கமும் தெரிந்துதான் பையன் வளர வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

இன்றைய தேதிக்கு சிவப்பு வரி ஒன்று இருக்கிறது. நாளை எழுதுகிறேன். தோல் உரிய ஆரம்பித்துவிட்டது, கிரீம் தடவ வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

1944 மார்ச் 24 இரவு, பெர்லின். "ஆபரேஷன்ஸ், பெர்லின்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், இதைப் பலகையில் போட்டுப் பார்க்காமல் என்னால் விட முடியாது. விமானத்தின் மூக்கு ஒரு திசையில் இருக்கும், காற்று அதை இன்னொரு திசையில் தள்ளும், தரையின்மேல் அது உண்மையில் போவது மூன்றாவது திசை. மூன்று கோடுகள், ஒரு முக்கோணம். அதில் இரண்டு கோடு தெரிந்தால் மூன்றாவது கிடைக்கும். காற்று தெரியாவிட்டால் ஒன்றுமே தெரியாது.

காற்றைக் கண்டுபிடிப்பது எப்படி? தான் எங்கே இருக்கிறோம் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். காற்றே இல்லாவிட்டால் எங்கே இருந்திருப்போம் என்பதையும் குறிக்க வேண்டும். இரண்டு புள்ளிக்கும் நடுவே உள்ள தூரம்தான் காற்று. இடம் காட்டும் 'ஜீ' ரேடியோக் கருவியை ஜெர்மானியர்கள் கரை தாண்டியதும் குழப்பிவிடுவார்கள். ரேடார் திரையில் டென்மார்க்கின் கரை தெரிந்தால் ஒரு புள்ளி கிடைத்தது.

அன்று தேர்ந்தெடுத்த சில நேவிகேட்டர்கள் தாங்கள் கண்ட காற்றை ரேடியோவில் இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே சராசரி எடுத்து எல்லோருக்கும் திருப்பி ஒலிபரப்புவார்கள். வடக்கிலிருந்து வந்த காற்று மணிக்கு நூறு மைலுக்கு மேல். அப்படி ஒரு காற்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை. சில நேவிகேட்டர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே நம்பவில்லை, குறைத்து அனுப்பினார்கள். வந்ததைத் தலைமையகமும் நம்பவில்லை, இன்னும் குறைத்து ஒலிபரப்பியது. இரண்டு தடவை வெட்டிய எண்ணை வைத்து 811 விமானங்களும் வழி போட்டன.

110 மைல் காற்றை 70 என்று வைத்துக்கொண்டால் மணிக்கு நாற்பது மைல் பிழை. ஆறு நிமிஷத்துக்கு நாலு மைல். இலக்கைத் தாண்டித் தெற்கே போனார்கள். திரும்பும்போது ஒதுங்கிப் போக வேண்டிய, ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிப் பீரங்கிகளுக்கு நேர் மேலே தள்ளப்பட்டார்கள். 72 விமானங்கள் போயின, பெரும்பாலானவை தரையிலிருந்து சுடப்பட்டவை.

மாமா என்ன செய்தார்? தான் கண்ட எண்ணை எழுதினாரா, குறைத்தாரா? ஒலிபரப்பில் வந்ததை நம்பினாரா, தன் பென்சிலை நம்பினாரா? அன்றைய வரைபடம் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். ஆனால் தரையிறங்கியதும் வரைபடத்தையும் குறிப்பையும் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தது இந்த ஒற்றை வரி.

மார்ச் 26, புதன்

குறைத்திருக்க மாட்டார். குறைத்திருந்தால் ரூருக்கு மேலே போயிருப்பார்.

ரூருக்கு மேலே போயும் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 28, வெள்ளி

குரல் போய்விட்டது. நோட்டில் எழுதிக் காட்டுகிறார். முதலில் எழுதியது: "படி." லாக் புக்கைத்தான். நான் வாசிக்க வாசிக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஃபிராங்க்ஃபர்ட். மறுபடி ஃபிராங்க்ஃபர்ட். தன் அப்பாவிடம் இந்தப் பெயர்களைக் கேட்டதே இல்லை என்று எழுதினார்.

மார்ச் 31, திங்கள்

நேற்று இரவு நியூரம்பெர்க் பக்கம். 1944 மார்ச் 30. நிலா வெளிச்சம், மேகம் இல்லை, பெல்ஜியத்திலிருந்து கிழக்கே வளைவே இல்லாத நீண்ட கோடு. அன்றும் காற்றுக் கணிப்பு தப்பு. சிலர் ஷ்வைன்ஃபர்ட்டை நியூரம்பெர்க் என்று நினைத்துக் குண்டு போட்டார்கள். 795 போனதில் 95 திரும்பவில்லை, பாம்பர் கமாண்டுக்கு ஒரே இரவில் அதைவிடப் பெரிய இழப்பு கிடையாது. நம்முடைய இரண்டு ஸ்குவாட்ரன்களும், 463, 467, வாடிங்டனிலிருந்து போயிருந்தன. மறுநாள் சாப்பாட்டு அறையில் காலி நாற்காலிகளுக்கு நடுவே மாமா உட்கார்ந்திருப்பார். முட்டை, பன்றிக்கறி. சாப்பிட முடிந்ததா?

இவரால் இன்று அரை டம்ளருக்கு மேல் முடியவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

அவர்கள் கொடுத்த தாளில் தினமும் குடித்த அளவை எழுத வேண்டும். 900 மில்லி என்று எழுதச் சொல்லி நோட்டில் காட்டினார். குடித்தது 500 கூட இல்லை. குழாய் போட்டுவிடுவார்கள் என்று பயம். எனக்குக் கோபம் வந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து 480 என்று எழுதினேன். பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

பேசவில்லை என்று சொல்ல முடியாது, அவரால் பேசவே முடியாது. நோட்டைத் தொடவில்லை, அதுதான்.

ஏப்ரல் பக்கங்களில் சின்னதாக 1/3, 1/3 என்று குறித்திருக்கிறார் மாமா. முப்பது தடவை போய் வந்தால் ஒரு சுற்று முடிந்தது, ஓய்வு. ஆனால் பிரான்சின் ரயில் நிலையங்களுக்குப் போவது சுலபம் என்று முடிவு செய்து, அதை மூன்றில் ஒரு பங்காகத்தான் கணக்கில் சேர்ப்போம் என்றார்கள். மூன்று தடவை உயிரைக் கொடுக்கப் போனால் ஒரு தடவை. படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மே 3 இரவு பிரான்சில் மெயில்லி ராணுவ முகாமுக்குப் போன 346 லங்காஸ்டர்களில் 42 விழுந்தன. அப்புறம்தான் அந்தப் பின்னத்தை எடுத்தார்கள்.

மேஜைக்கு எதிரே உட்கார்ந்து யார் அந்த 1/3ஐ முடிவு செய்தாலும், அவர் போகவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடிகாரங்களை ஒரு மணி பின்னே வைக்க வேண்டிய நாள். இவர் நோட்டை எடுத்து, "அப்பா ரேடியோ பீப் கேட்டுத்தான் வைப்பார், நொடிகூடத் தப்பாது" என்று எழுதினார். நட்சத்திரத்தை வைத்து இடம் குறிப்பவருக்கு நாலு நொடி தவறினால் தீர்க்கரேகையில் ஒரு கலை, பாகையில் அறுபதில் ஒரு பங்கு, தவறும். இதை நோட்டிலேயே கணக்காகப் போட்டுக் காட்டினேன். இருபத்துநாலு மணிக்கு 360 பாகை, மணிக்கு 15, நாலு நொடிக்கு ஒரு கலை. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே இருந்த தாளில் 480க்கு அடிக்கோடு போட்டார்.

சிரித்தாரா என்று தெரியவில்லை, வாய் அவ்வளவு புண்.

ஏப்ரல் 8, செவ்வாய்

குழாய் நாளைக்கு. வயிற்றில், சின்னது, மயக்க மருந்து கொடுத்துப் போடுவார்கள். எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். நடுராத்திரிக்குப் பிறகு தண்ணீர்கூடக் கூடாது. நாத்தனார் பஸ்ஸில் வருகிறார், வரும்போது மாமாவின் கடிதங்களையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், 1944 மார்ச் கடைசியில் எழுதியது ஏதாவது இருந்தால் முதலில் அதை. கேட்க வேண்டியவை: ஒரு வேளைக்கு எத்தனை மில்லி, எவ்வளவு நேரம் சாய்ந்து உட்கார வேண்டும், இரவில் குழாய் நகர்ந்தால் யாருக்குப் போன் செய்வது