எனக்குச் சர்க்கரை இல்லை, மாத்திரை மட்டும் உண்டு

பள்ளிக்கூட நாளிலிருந்தே என் பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தது. அழுக்கு என்று நினைத்த அம்மா, ஞாயிறுதோறும் கடலை மாவில் எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்ப்பார். தோல் எரியும், சிவக்கும். கறுப்பு மட்டும் போகாது. இன்சுலின் மிகுந்திருக்கும்போது கழுத்து அப்படிக் கறுப்பதுண்டு என்று எனக்குத் தெரிந்தது 28 வயதில்தான்.

மருத்துவரிடம் போனது கழுத்துக்காக அல்ல. மாதவிலக்கு மூன்று மாதம், நான்கு மாதம் என்று தள்ளிப்போனது. தாடையில் முடி முளைத்தது. முன்பு ஓரிடத்தில் ஸ்கேன் பார்த்துவிட்டு, "சினைப்பையில் நீர்க்கட்டிதான், கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி நான் இழந்தது இரண்டு வருடம். புதிய மருத்துவர் முதலில் பார்த்ததே என் கழுத்தைத்தான். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 5.8 சதவீதம். 6.5-ஐத் தொட்டால்தான் சர்க்கரை நோய். நான் அதற்கு முந்தைய படியில் நின்றிருந்தேன். 150-க்குள் இருக்க வேண்டிய ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 228. பெண்களுக்கு 50-க்கு மேல் இருக்க வேண்டிய நல்ல கொழுப்பு 37. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் கூடுதல். எனக்கு நான்கு நோய்கள் என்றே நினைத்து அழுதேன்.

மருத்துவர் ஒரு தாளில் கல்லீரலையும் சினைப்பையையும் வரைந்து காட்டினார். இன்சுலின் சொல்வதை உடல் கேட்காதபோது கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைப் பெருக்குகிறது. அந்த ஹார்மோனைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரிக்கிறது; இன்சுலின் மிகுந்தால் அதுவும் குறைந்துபோகிறது. ட்ரைகிளிசரைடை அளவுக்கு மீறி ரத்தத்தில் விடுவதும் அதே கல்லீரல்தான். தாடை முடியும் கொழுப்புக் கணக்கும் ஒரே வேரிலிருந்து வருவதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

எழுதிக் கொடுத்தது சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை. கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையை அது குறைக்கிறது. அதனால் இன்சுலின் தேவையும் இறங்குகிறது. இரவு உணவுக்குப் பின் 500 மில்லிகிராமில் தொடங்கினேன். அட்டையைப் பிரித்தால் லேசாகக் கருவாட்டு வாடை வரும். சைவ வீட்டில் அது பெரிய சங்கடம். மூச்சை அடக்கித்தான் விழுங்குவேன். அளவைக் கூட்டிய வாரத்தில் வயிற்றுப்போக்கு பாடாய்ப் படுத்தியது. பஸ் ஏறவே பயந்தேன். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிக் கொடுத்த பிறகு வயிறு அடங்கியது.

வயிற்றைவிட வீட்டில்தான் பாடு அதிகம். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "சர்க்கரை மாத்திரை என்று தெரிந்தால் யார் வருவார்கள்?" என்று அம்மா அட்டையை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவார். ஒருநாள் அவரையும் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். எனக்கு வரைந்து காட்டியதை அம்மாவுக்கும் வரைந்து காட்டினார் அவர். அம்மா அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம் மாதவிலக்கு தானாக வந்தது. பிறகு 35, 38 நாட்களுக்கு ஒருமுறை. ஆறாம் மாதத்தில் டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவின் மேல் விளிம்புக்கு இறங்கியது, ட்ரைகிளிசரைடு 164. ஆனால் அதற்குள் இரவுச் சோற்றை நிறுத்தி, தினமும் 40 நிமிடம் நடக்கவும் தொடங்கியிருந்தேன். கொழுப்பு இறங்கியதில் மாத்திரையின் பங்கு சிறியது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கெட்ட கொழுப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. தாடை முடியும் பெரிதாகக் குறையவில்லை. ஆகவே கொழுப்புக்கென்று இதை யாரும் கடையில் கேட்டு வாங்கிவிட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மருந்தால் சிலருக்குக் கருமுட்டை மறுபடி வெளியாகத் தொடங்கும். குழந்தை இப்போது வேண்டாம் என்றிருக்கும் பெண்கள், மாதவிலக்கே ஒழுங்கில்லையே என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

இரண்டாம் வருட முடிவில் பாதங்கள் மரத்துப்போயின. பரிசோதித்தால் வைட்டமின் பி12 குறைவு. நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வரக்கூடியது. நான் சைவம் வேறு. ஊசி போட்டுக்கொண்டேன். இப்போது பி12, சிறுநீரகம் இரண்டையும் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். வயது பதினைந்து. தலைவாரிவிட்டுக்கொண்டிருந்த அம்மா, பின்னலைத் தூக்கிப் பிடித்து அவள் கழுத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "உனக்கு மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா கண்ணு?" என்று கேட்டார்.