40-க்கும் 50-க்கும் நடுவில்

ஒரு ரசாயன ஆலையின் ஈடிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில்) வேலை பார்த்தபோது, அமிலக் கழிவுநீரில் வால்வு வழியாக காஸ்டிக் சோடா விட்டு பிஹெச்சை 7-க்குக் கொண்டுவரும் தொட்டிக்கு, வால்வை இவ்வளவு திறந்தால் பிஹெச் எவ்வளவு ஆகும் என்று கணிக்கும் ஒரு மாடல் போடச் சொன்னார்கள். சமன்பாடு எந்த வடிவத்தில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, கழிவில் என்னென்ன வருகிறது என்பதே ஷிப்டுக்கு ஷிப்டு மாறும். நேர்கோடு இல்லை என்பது மட்டும் நிச்சயம்: 3-இல் இருக்கும்போது எவ்வளவு ஊற்றினாலும் அசையாது, 7-ஐ நெருங்கும்போது துளி கூடினால் 10-க்கு ஓடிவிடும்.

சரி, அளந்த டேட்டாவிலிருந்தே நேர்கோடில்லாத சமன்பாட்டைக் கட்டும் நார்மாக்ஸ் (NARMAX) முறை இருக்கிறதே என்று இறங்கினேன். 1985-இல் லியோன்டாரிடிஸும் பில்லிங்ஸும் கொண்டுவந்தது; பழைய பிஹெச், பழைய வால்வுத் திறப்பு, அவற்றின் வர்க்கம், பெருக்கல் என எல்லாவற்றையும் கொட்டி, உதவுவதை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம். வால்வை 40, 50 சதவீதம் என்ற இரண்டு திறப்புகளுக்குள் தாறுமாறாக மாற்றி மாற்றித் தட்டி இரண்டு நாள் டேட்டா எடுத்தேன். கணிப்பு அசல் கோட்டின் மேலேயே படிந்தது. பத்து விநாடிக்கு ஒரு முறை அளந்தால் 'அடுத்த பிஹெச் இப்போதைய பிஹெச்தான்' என்று சொன்னாலே அப்படித்தான் படியும், அன்றைக்கு அது உறைக்கவில்லை. மாடலின் விடையையே அதற்குத் திருப்பி ஊட்டி ஓடவிட்டால் பிஹெச் 19-க்குப் போனது!

பாதித் தப்பு பள்ளிக்கூடக் கணக்கு. 40-இன் வர்க்கம் 1600, 50-இன் வர்க்கம் 2500. வர்க்கமே எடுக்காமல், 40-ஐயும் 50-ஐயும் 90-ஆல் பெருக்கி 2000-ஐக் கழித்தாலும் அதே இரண்டு எண்கள்தான். இரண்டே திறப்பை வைத்துக்கொண்டு வால்வுப் பக்கம் வளைவா நேர்கோடா என்று எந்த முறையாலும் சொல்ல முடியாது.

அப்புறம் 20 முதல் 70 வரை பல படிகளாக மாற்றினேன். கொஞ்சம் தேறியது, ஆனாலும் சின்னப் படிகளில் மட்டும் மாடல் ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம். பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் அண்ணன், "சார், ஸ்க்ரீனை விட்டுட்டு வந்து ஸ்டெம்ல கை வைங்க" என்றார். வால்வைத் திறந்து மூடும் அந்தத் தண்டில் கையுறையோடு வைத்தேன். 40-இலிருந்து திறப்பை ஒவ்வொன்றாகக் கூட்டச் சொன்னேன். 41, 42, 43, அசைவே இல்லை. 44-இல் வெடுக்கென்று குதித்தது.

"லீக் ஆகுதுன்னு கிளாண்டை இறுக்கி வச்சிருக்கு சார். ஆறு மாசமாச்சு."

தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கை அழுத்திப் பிடிப்பதுதான் கிளாண்ட்; அதை இறுக்கினால் தண்டும் சிக்கிக்கொள்ளும். நான் கொட்டிய நூற்றுச்சொச்சம் உறுப்புகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும் வால்வுக்கு ஒன்றுகூட இல்லை. பேக்கிங் மாற்ற ஷட்டவுன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததால், அதுவரை மாடலுக்கு முன்னால் 'இவ்வளவு மாறும்வரை நகராதே' என்று ஒரு வரி எழுதி ஓட்டினேன்.