கொழுந்து எடையும் தானாக அழியும் எண்களும்

14.10.2025, செவ்வாய்

இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மேட்டு வீட்டுப் பாட்டியின் தேயிலைக் கொழுந்துச் சாக்கு தராசில் 23 கிலோ காட்டியது. எடைக் கணக்கு எழுதும் டேப்பில் (டேப்லெட்) 2 தட்டினேன், 3 தட்டினேன். 23 என்று விழுந்தது. விரலை எடுப்பதற்குள் 3 அழிந்து வெறும் 2 நின்றது. நான் அழிக்கவில்லை. திரும்பப் போட்டேன், நின்றது. அடுத்தவருக்கு 31 போட்டால் 311 ஆகிறது. பின்னால் ஆறு பேர் மழையில் சாக்கோடு நிற்கிறார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை சரிபார்த்து முடிக்க ஏழு மணி ஆகிவிட்டது.

எங்கள் கொட்டகை கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகிற வழியில் இருக்கிறது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் நாற்பது குடும்பங்கள் இங்கே கொழுந்து போடுகிறார்கள். எடை போட்டு ஃபேக்டரிக்கு ஏற்றிவிடுவது எங்கள் வேலை. விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது, அதில் என்னால் செய்ய ஒன்றுமில்லை. எடைதான் என் பொறுப்பு.

அப்பா இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அங்கே கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று ராத்தல் கணக்கில் வெட்டிவிடுவார்கள் என்பதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் கொட்டகை போட்டபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “யார் கொழுந்திலும் அரை ராத்தல் குறையக்கூடாதும்மா.” இன்றைக்கு என் கைக்குக் கீழேயே 21 கிலோ காணாமல் போகப் பார்த்தது.

இந்த டேப் என்னென்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்று இனிமேல் நேரம் போட்டு எழுதி வைக்கப் போகிறேன்.

15.10.2025, புதன்

கோயம்புத்தூரில் படிக்கும் மகளிடம் போனில் சொன்னேன். “முதலில் ஸ்டோரேஜ் பாரும்மா” என்றாள். 32 ஜிபியில் மிச்சம் இருந்தது 600 எம்பி. வாட்ஸ்அப் குரூப்களில் வந்த காலை வணக்கப் படங்கள், கல்யாண வீடியோக்கள் எல்லாம் தானாக இறங்கி உட்கார்ந்திருக்கின்றன. இடம் இவ்வளவு குறைந்துபோனால் ஆப்கள் தங்கள் வேலைக்குத் தற்காலிகமாக எழுதி வைக்கக்கூட வழி இல்லாமல் பாதியில் நின்றுவிடுமாம். ஒரு மாதமாகக் கணக்கு ஷீட் திறக்கும்போதெல்லாம் மூடிக்கொண்டதற்கு அதுதான் காரணம் போல.

உட்கார்ந்து ஒன்பது ஜிபி அழித்தேன். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தினேன். ஷீட் இப்போது பட்டென்று திறக்கிறது, ஒரு தடவைகூட மூடவில்லை.

ஆனால் சாயங்காலம் 5.40-க்கு எண் மறுபடியும் அழிந்தது. இருந்தது இரண்டு கோளாறு, அதில் ஒன்றுதான் போயிருக்கிறது.

17.10.2025, வெள்ளி

சேஃப் மோட் போட்டுப் பார்த்தேன். பவர் பட்டனை அழுத்தினால் வரும் ‘பவர் ஆஃப்’ என்பதை விடாமல் அழுத்திப் பிடித்தால் கேட்கும், சரி சொன்னால் போதும். நாம் போட்ட ஆப்கள் எதுவும் அதில் ஓடாது, கூடவே வந்தவை மட்டும்தான் ஓடும். எண் அழிவது அங்கே நின்றுவிட்டால் நாம் போட்ட ஏதோ ஒரு ஆப்தான் காரணம் என்று அர்த்தம். நிற்காவிட்டால் வேறு எங்காவது தேடவேண்டும்.

காலை 11 மணி எடையின்போது கால்குலேட்டரைத் திறந்து 23, 23 என்று ஐம்பது தடவை தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷமாக இருந்தது. மாலை ஆறு மணிக்கு அதையே செய்தேன். பதினோராவது தடவை 3 அழிந்தது.

ஆக, ஆப் இல்லை.

18.10.2025, சனி

கடைவீதியில் ஒரு செல்போன் கடைக்குக் கொண்டுபோனேன். பையன் ஐந்து நிமிடம் தடவிப் பார்த்து, “நல்லாத்தானே இருக்குக்கா. எதுக்கும் ரீசெட் போட்டுடலாம்” என்றான். பவரையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி மொத்தமாக அழித்தான். திரும்ப ஆன் ஆனபோது பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்ட் கேட்டது. அப்படி ரீசெட் செய்தால் அதே கணக்கை உள்ளே விட்டால்தான் டேப் திறக்கும். திருடுபோனால் யாரும் பயன்படுத்தாமல் இருக்க வைத்திருக்கும் பூட்டு அது. எனக்குப் பாஸ்வேர்ட் நினைவில்லை. மகளுக்குப் போன் போட்டு, அவள் வகுப்பில் இருந்து, முக்கால் மணி நேரம் கடை வாசலில் நின்றேன். நல்லவேளை, ஷீட் கூகுள் கணக்கில் ஏறியிருந்ததால் கணக்கு எதுவும் போகவில்லை.

பையன் மேல் குறையில்லை. ஆனால் ரீசெட் என்பது எல்லாம் பார்த்து முடித்த பிறகு செய்ய வேண்டியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படம், எண்கள், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் எழுதி எடுத்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது.

மாலை 6.15: 18 போட்டேன், 1 நின்றது. அழுகை வந்தது.

20.10.2025, திங்கள்

தீபாவளி. கொழுந்து இல்லை, டேப்பைத் தொடவில்லை.

22.10.2025, புதன்

மதியத்திலிருந்து பேய்மழை. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில் அடிக்கும். எங்கள் கோத்தகிரிச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். வளைவில் ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. டவரும் போய்விட்டது.

தராசு அதன் பேட்டரியில் ஓடியது. டார்ச் வெளிச்சத்தில் பதினாறு பேருக்கு எடை போட்டேன். டேப்பில் 9 சதவீதம் வரை வந்து, முடிக்கும்போது அணைந்துவிட்டது.

24.10.2025, வெள்ளி

கரண்ட் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் பிக்கப் வண்டியில் இருக்கும் சார்ஜரில் டேப்பைப் போட்டார். உயிர் வந்ததும் திரையில் பார்த்தால், 1970 ஜனவரி 1, காலை 5.31!

மகள் விளக்கினாள். இந்த மாதிரிக் கருவிகள் காலத்தை 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து விநாடி விநாடியாக எண்ணுகின்றன. பேட்டரி ஒட்ட வற்றிப்போனால் கடிகாரம் நேரத்தை மறந்து அந்தப் பூஜ்யத்துக்கே போய்விடும். நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்பதால் விடிகாலை 5.30 காட்டும். அப்பா இங்கே வந்து சேர்வதற்கு முந்தைய தேதி அது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் டவர் வந்த பிறகும் ஷீட் மேலே ஏறவில்லை, எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்றது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடங்கும் நாள், முடியும் நாள் உண்டு. டேப் 1970-ல் நிற்கும்போது அந்தச் சான்றிதழெல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் நம்ப மறுக்கிறது. நெட் வந்ததும் நேரம் தானாகத் திருந்தியிருக்க வேண்டும். ரீசெட்டுக்குப் பிறகு தேதியைக் கையால் வைத்ததில் ‘தானியங்கி தேதி, நேரம்’ அணைந்தே கிடந்திருக்கிறது. அதைப் போட்டேன், அரை நிமிடத்தில் எல்லாம் திறந்தது. இன்று போட்ட பதினொரு எடைக்கும் 1970 என்று தேதி விழுந்திருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

25.10.2025, சனி

ராத்திரி கரண்ட் வந்தது. தூக்கம் வராமல் இந்தக் குறிப்பையே முதலிலிருந்து படித்தேன். 5.40. ஆறு மணி. 6.15. காலை எடையில் ஒரு தடவைகூட இல்லை. 22-ஆம் தேதி சாயங்காலம் எடை போட்டேனே, பதினாறு பேருக்கு, ஒரு எண்கூட அழியவில்லை. ஏன்?

காலையில் டேப்பை முழு சார்ஜோடு கொண்டுபோவேன். சாயங்காலம் சார்ஜ் இறங்கிவிடும், ப்ளக்கில் சொருகிக்கொண்டே எடை போடுவேன். 22-ஆம் தேதி கரண்ட் இல்லை, சொருகவில்லை.

டேப்போடு வந்த சார்ஜரை ஜூலையில் மகள் ஹாஸ்டலுக்கு எடுத்துப்போனாள். அப்போதிலிருந்து சந்தையில் 150 ரூபாய்க்கு வாங்கியதைத்தான் போடுகிறேன்.

26.10.2025, ஞாயிறு

சோதனை செய்தேன். செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ என்பதை ஏழு தடவை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதில் ‘பாயின்டர் லொகேஷன்’ போட்டால் விரல் படும் இடமெல்லாம் கோடாக விழும். மேலே ஒரு பட்டியில் எத்தனை விரல் படுகிறது என்ற எண்ணும் வரும்.

சார்ஜர் இல்லாமல் ஒரு விரலை நடுவில் வைத்தேன். ஒரே ஒரு குறுக்குக் கோடு, எண் 1. விரலை மெதுவாக இழுத்தேன். நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு.

சந்தைச் சார்ஜரைச் சொருகினேன். அதே விரல், அதே இடம். எண் 1 என்றது, 3 என்றது, 2 என்றது, 4-க்குப் போனது. விரலுக்கு நேராக அதே வரிசையில் வலதுபக்கம் ஓரம்வரை குட்டிக் குட்டிக் கோடுகள் துடித்தன. எண் பலகையில் அந்த ஓரத்தில்தான் அழிக்கும் பொத்தான் இருக்கிறது. பிடுங்கினேன், அடங்கியது. சொருகினேன், துடித்தது. பக்கத்து வீட்டு அத்தையிடம் அவர்கள் போனோடு வந்த சார்ஜரை வாங்கிவந்து அதே ப்ளக்கில் போட்டேன். எண் 1, ஒரே கோடு. பத்து நிமிடம் பார்த்தேன், அசையவில்லை. அப்படியானால் ப்ளக்கிலும் குறையில்லை, டேப்பிலும் குறையில்லை.

மகளும் அவள் சிநேகிதியும் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத மின்வரிகள் வலைபோல் ஓடுகின்றன. விரல் பட்டால் அங்கே தங்கும் மின்னூட்டம் துளி மாறும், அந்தத் துளியைத்தான் டேப் தொடுதலாக எடுத்துக்கொள்கிறது. மலிவுச் சார்ஜர் மின்சாரத்தைச் சரியாக வடிகட்டாது. டேப் மொத்தமும் நம் உடம்போடு ஒப்பிட்டால் வேகவேகமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் விரல் தொட்ட வரியிலேயே தொடாத இடத்திலும் தொட்டதுபோல் தெரியும். கடைகளில் கோஸ்ட் டச் என்கிறார்கள். கடைப் பையன் சொருகாமல் பார்த்ததால் அவன் கையில் அது வரவே இல்லை.

பன்னிரண்டு நாளாக மென்பொருளிலேயே தேடியிருக்கிறேன். ஸ்டோரேஜும் தேதியும் உண்மையில் அங்கேதான் இருந்தன. எண்ணைத் தின்றது மட்டும் சுவரில் இருந்தது.

27.10.2025, திங்கள்

புதுச் சார்ஜர் வாங்கினேன். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் கீழே ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, அதன் வோல்ட்டும் ஆம்பியரும் டேப்புக்குப் பொருந்துகிறதா என்றும் பார்த்து எடுத்தேன். பழையதை அடுப்பங்கரைப் பரணில்கூட வைக்கவில்லை, யாராவது எடுத்துவிடுவார்கள். ஒயரை வெட்டிவிட்டேன்.

எடை போடும்போது கை துடைக்க ஒரு துணியும் மேஜையில் கட்டித் தொங்கவிட்டேன். ஈரத் துளி திரையில் நின்றாலும் தொட்டதாகவே எடுத்துக்கொள்ளும்.

2.11.2025, ஞாயிறு

ஒரு வாரம், ஒரு எண்கூட அழியவில்லை. ஆனால் ஜூலையிலிருந்து நான் கவனிக்காமல் விட்டவை?

எடை போட்டதும் எல்லோருக்கும் பேனாவால் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். பணம் மட்டும் டேப் கணக்குப்படி போகும். நாற்பது வீட்டுக்கும் சொல்லி அனுப்பினேன், சீட்டு வைத்திருந்தால் கொண்டுவாருங்கள் என்று. பாதிப் பேரிடம் இருந்தது. மேட்டு வீட்டுப் பாட்டி பிஸ்கட் டின்னில் ஒன்று விடாமல் அடுக்கி வைத்திருக்கிறார். நானும் தம்பியும் காலையிலிருந்து ஒப்பிட்டோம். பதினான்கு பதிவு தப்பு. மூன்றில் எடை கூடியிருக்கிறது, பதினொன்றில் குறைந்திருக்கிறது. அந்த நாட்களில் ஃபேக்டரிச் சீட்டில் எடை கூட வந்ததை மழை ஈரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அந்தப் பணம் இத்தனை நாள் எங்கள் கையில் இருந்திருக்கிறது.

பாட்டிக்கு மட்டும் நான்கு தடவை. 20 கிலோ 2 ஆகியிருக்கிறது, 17 ஒன்றாகியிருக்கிறது, 14 ஒன்று, 16 ஒன்று. மொத்தம் 62 கிலோ. கூடுதலாகப் போன மூன்று பேரிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. சீட்டு இல்லாதவர்களுக்கு அந்தந்த நாளின் ஃபேக்டரி எடையையும் எங்கள் கூட்டலையும் வைத்துப் பார்க்க வேண்டும். அது இன்னும் ஒரு வாரம் பிடிக்கும்.

3.11.2025, திங்கள்

பாட்டி வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, “நாலு மாசமா எங்க செடிதான் கம்மியா கொழுந்து விடுதுன்னு நினைச்சேன் பாப்பா, உரம் கடன் வாங்கிப் போட்டேன்” என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. உரத்துக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். உரக்கடையில் கேட்டுக்கொள்வேன்.

மாலையில் கொழுந்தோடு வந்தார். 18.5 எழுதி சீட்டை நீட்டினேன். வாங்காமல் மேஜையைச் சுற்றி வந்து, டேப்பை எட்டிப் பார்த்து, “பதினெட்டரை. நிக்குதா?” என்றார்.

“நிக்குது பாட்டி.”

இருவரும் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம்தான் சீட்டை வாங்கினார்.