தண்டல்

மந்தைவெளியில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. சமையலறை ஜன்னல் கிழக்கு பார்த்தது. மே மாதத்தில் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் அந்த ஜன்னல் திரை உள்பக்கமாக உப்பும். உடனே என் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "என்னங்க, காத்து வந்துடுச்சு." அவளுக்கு அது வெக்கை தணிகிற விஷயம். எனக்கு, சோற்றை ஒரு கை குறைத்துக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பலாம் என்பதற்கான உத்தரவு.

எனக்கு 68 வயது. 1979இல் கிளார்க்காகச் சேர்ந்து 37 வருஷம் பேங்க்கில் குப்பை கொட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு பாய்மரப் படகு ஓட்டுகிறேன் என்றால், உடன் வேலை பார்த்தவர்களே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார்கள். "உனக்கேன்டா இது?" என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆரம்பம் தூத்துக்குடியில். 1984இல் ஆபீசராகி அங்கே போயிருந்தேன். ஒரு தோணிக்காரர் இன்ஜின் வைக்கக் கடன் கேட்டிருந்தார். தோணியைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். கரையில் நின்ற ஆள், "தண்டல் உள்ள இருக்கார், போங்க சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குளித்தலைப் பக்கம் தண்டல் என்றால் தினவட்டிக்குக் கொடுத்து வசூலிப்பவர்களின் தொழில். பேங்க்கில் கடன் கேட்கிறவர் ஏற்கெனவே தண்டல்காரரிடம் மாட்டியிருக்கிறார் போல, இது தேறாத கேஸ் என்று மனதுக்குள் எழுதியே விட்டேன். உள்ளே போனால், முண்டா பனியனும் கைலியுமாக ஒரு பெரியவர் கயிறு பின்னிக்கொண்டிருந்தார். தோணியை ஓட்டுகிற தலைவரைத்தான் அங்கே தண்டல் என்பார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது.

கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணி அது. அன்று வெள்ளோட்டம் மாதிரி சும்மா கொஞ்ச தூரம் போய் வந்தார்கள், என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பாயை இழுத்துக் கட்டியதும் அத்தனை பெரிய மரக்கட்டுமானம் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. பேங்க்கில் ஆடிட் நாளில்கூட அப்படி ஒரு அமைதியைப் பார்த்ததில்லை. பெரியவர் ஒரு கயிற்றைக் காட்டிச் சொன்னார்: "இது தாமான் சார். காத்து முறுக்குச்சுன்னா இத விட்ரணும். புடிச்சிக்கிட்டே நின்னா தோணி சாஞ்சிரும்." ரிப்போர்ட்டில் இதையெல்லாம் எழுத முடியாது. கடன் சாங்ஷன் ஆயிற்று, ஒழுங்காகவும் கட்டினார்கள்.

அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் கடல் பக்கம் திரும்பவில்லை. டிரான்ஸ்ஃபர், புரமோஷன், மறுபடி டிரான்ஸ்ஃபர். ஸ்டிராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் வசம் இருக்கும். ஒருவர் மட்டும் நினைத்தால் திறக்க முடியாது. அதில் ஒரு சாவி பல வருஷம் என்னிடம் இருந்தது. என் மகள் பிறந்தது திருச்சியில். நான் வெளி மாநிலத்தில், ஆள் குறைவான ஒரு கிளையில். சாவியை வாங்கிக்கொள்ள ஆள் வந்து, பணத்தை எண்ணி ஒப்படைத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு நான் ரயில் ஏறியபோது குழந்தைக்கு ஐந்து நாள் ஆகியிருந்தது. மனைவி இதை ஒருமுறைகூடக் குத்திக் காட்டியதில்லை. மாமியார்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் காட்டுவார்.

2017 ஜனவரி 31 ஓய்வு. கடைசி மூன்று மாதம் எப்படிப் போனது என்று அந்த வருஷம் பேங்க்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். அந்தக் கூட்டம் வடிவதற்குள் டிசம்பர் 12 வர்தா புயல். சாவியை ஒப்படைப்பதற்கு மூன்று நாள் முன்பு எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையெல்லாம் ஒட்டியது. ஜனங்கள் வாளியில் அள்ளிக்கொண்டிருந்ததை டிவியில் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆனதும் கடலுக்குப் போறேன்னீங்களே, நல்லா பாத்துக்கிட்டீங்களா?" என்றாள் மனைவி.

சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்மரப் படகு ஓட்டுவது புதுசு இல்லை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கியது. தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அப்போதைய துறைமுகச் சேர்மன், இன்ஜினியர். முதலில் கிழக்கே பார்த்து இருந்த துறைமுக வாயிலை மூடிவிட்டு வடகிழக்குப் பக்கம் திறந்தவரும் அவர்தான். நம் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் தென்பக்கம் மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடபக்கம் ராயபுரத்தைக் கடல் அரித்தது. மெரினாவில் சுண்டல் தின்கிற நாம் ராயபுரத்துக்காரர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று பேங்க் புத்தி கணக்குப் போடும்.

நான் கற்றுக்கொண்டது லேசர் என்கிற ஒற்றை ஆள் படகில். நாலே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், உடல் மட்டும் 60 கிலோவை ஒட்டி வரும். முழுப் பாய் ஏழு சதுர மீட்டர், என் வயசுக்கு அது ஆகாது. 5.76 சதுர மீட்டர் ரேடியல் பாய் போதும் என்றார்கள். குளித்தலைக் காவிரியில் நீச்சல் பழகியவன் என்பதால் அந்த ஒரு பரீட்சையில் மட்டும் நல்ல மார்க்.

லேசரில் கவிழ்வது ஒரு செய்தியே இல்லை. நிமிர்த்துகிற வித்தைதான் பாடம். நீந்தி மறுபக்கம் போய், அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற பலகைமேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும். பாய் தண்ணீரிலிருந்து மெதுவாகப் பிய்த்துக்கொண்டு எழும். எனக்கும் எழுந்தது. எழுந்த வேகத்தில் மறுபக்கம் விழுந்தது. இன்னொரு தரம் நிமிர்த்தினேன், இன்னொரு தரம் விழுந்தது. மூன்றாவது தரம் வாய்க்குள் உப்புத் தண்ணீர், மூக்குக் கண்ணாடி இருந்த இடத்தில் கயிறு மட்டும். கற்றுக்கொடுக்கிற பையனுக்கு இருபது வயசிருக்கும். மோட்டார் படகில் நின்றுகொண்டு கத்தினான்: "அங்கிள், கையில என்ன? ஷீட்டை விடுங்க!"

பாயைக் கட்டுப்படுத்துகிற கயிறு அது. மூன்று முறையும் ஒரு கையில் இறுக்கிப் பிடித்தபடியேதான் ஏறியிருக்கிறேன். நிமிர்ந்த நொடியில் பாய் காற்றை வாங்கி அப்படியே குப்புறத் தள்ளியிருக்கிறது. விட்டேன். படகு நிமிர்ந்து, பாய் கொடியில் போட்ட வேட்டி மாதிரி படபடத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் கைலி கட்டின அந்தப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். வீட்டில் வந்து சொன்னேன். அன்றிலிருந்து மனைவிக்கு நான் "தண்டல்".

சரி, பேத்தி விஷயம். பத்து வயசு. இரண்டு வருஷமாக ஆப்டிமிஸ்ட் ஓட்டுகிறாள். இரண்டு மீட்டர் சொச்சம் நீளத்தில் தண்ணீர்த் தொட்டி மாதிரி இருக்கும் குழந்தைகள் படகு. பதினைந்து வயசு வரைதான் அதில் போட்டியிடலாம். அவள் அலமாரிக் கதவில் நேத்ரா குமணன் படம். சென்னைப் பெண், 2021இல் ஓமனில் நடந்த தகுதிப் போட்டி வழியாக டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் போனவர். பாய்மரப் படகில் அந்தத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். மகளுக்கு என் மடியில் உட்கார நேரம் கிடைக்கவில்லை, பேத்திக்கு என் மடியில் உட்கார இஷ்டமில்லை. "தாத்தா, நீங்க கரையிலயே இருங்க" என்பதுதான் எனக்குக் கிடைக்கிற மரியாதை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பயிற்சி. நானும் மனைவியும் தயிர் சாத டப்பாவோடு நிழலில் உட்கார்ந்திருந்தோம். மனைவி இதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை, ஏறுவதாகவும் இல்லை. ஆனால் பேத்தியின் பாய் எது என்று என்னைவிட வேகமாகக் கண்டுபிடிப்பாள். திடீரென்று காற்று ஒரு தள்ளு தள்ளியது. அந்த வெள்ளைப் பாய் காணாமல் போனது. நான் எழுந்துவிட்டேன். "உக்காருங்க, வருவா" என்றாள், ஊறுகாய் டப்பாவைத் திறந்தபடி.

வந்தாள். நிமிர்த்தி, தண்ணீரை இறைத்து, கால் மணி கழித்து வந்தாள். முதல் வார்த்தை: "தாத்தா, பக்கெட் போச்சு." இறைக்கிற வாளி படகோடு கயிற்றால் கட்டியிருக்கும். "கட்டி வச்சிருந்தா எறைக்கத் தோதா இல்ல, அவுத்துட்டேன். அப்புறம் கை வழுக்கிடுச்சு." சொல்லிக்கொண்டே தயிர் சாதத்தில் கை வைத்தாள்.

காற்று, நேரம், செலவு எல்லாவற்றையும் ஒரு பேரேட்டில் குறித்து வைப்பது பழைய பழக்கம். அன்று ராத்திரி எழுதினேன்: கிழக்கு தென்கிழக்குக் காற்று, ஒன்றேகால் மணி நேரம். பிளாஸ்டிக் வாளி ஒன்று, தள்ளுபடி.

தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "37 வருஷ சர்வீஸ்ல தண்டல் பண்ணின முதல் தள்ளுபடி" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனாள்.