இரைச்சல் நின்ற மாலை
பாளையங்கோட்டை வீட்டில் ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் அலமாரியின் பின்பக்கம் பல வருடங்களாகக் குருவிக்கூடு போல ஒயர்கள் அடைந்து கிடந்தன. திருநெல்வேலி வானொலியைப் போட்டால் நாதஸ்வரத்துக்கு அடியில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல். நேற்று முழுக்க உட்கார்ந்து பிரித்தேன்.

நெருக்கம்தான் குற்றவாளி. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று அலைகிறது. மின்ஒயர், ஒலி ஒயரோடு ஒட்டி ஓடினால் அந்த அலை ஒலியில் ஏறிக்கொள்ளும். மின்ஒயர்களை இடப்பக்கமும் ஒலி ஒயர்களை வலப்பக்கமும் இறக்கினேன். ஒன்றையொன்று கடந்தே தீர வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போலக் குறுக்கே விட்டேன்.

ஒயர்களைச் சேர்த்துக் கட்டப் பிளாஸ்டிக் டை வேண்டவே வேண்டாம். இறுக்கினால் உறையை நசுக்கும், பிரிக்கக் கத்தரிக்கோல் வேண்டும். ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டை போதும். ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டினேன். படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ ஒயரை மடக்காமல் அகலமாக வளைத்தேன். கருவியை வெளியே இழுக்க ஒரு முழம் மிச்சம் வைத்தேன்.

ஆச்சி எட்டிப் பார்த்து, "சடை பின்னினது மாதிரி இருக்கிறதே, ஐயா" என்றார்கள்.

இன்று மாலை வானொலி போட்டேன். தவில் ஓய்ந்த இடைவெளியில் ஒன்றுமே கேட்கவில்லை. எழுந்திருக்க மனமே வரவில்லை.